தகடூர் அதியர் நாமக்கல்லில் குடைவரை எடுத்தது ஏன்? நம் பக்கத்துப் பாறைகள் என்ன குறை வைத்தன?

பாலக்கோட்டு மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் பாலக்கோட்டைச் சேர்ந்தவள். தருமபுரியில் முதுகலை வரலாறு படிக்கிறேன். சென்ற மாதம் வீட்டாருடன் நாமக்கல் சென்று, மலையின் மேற்குச் சரிவில் உள்ள நரசிம்மர் சன்னதியிலும் கிழக்குச் சரிவில் உள்ள அரங்கநாதர் சன்னதியிலும் வழிபட்டு வந்தோம். வரிசையில் எங்களுக்கு முன் நின்ற பெரியவர் ஒருவர், நாங்கள் தருமபுரிப் பக்கம் என்று தெரிந்ததும், "அப்படியானால் இது உங்கள் ஊர் அதியமான் குடைந்த கோயில்தான்" என்று என் தந்தையிடம் சொன்னார். அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்தவரே இதையும் செய்தார் என்று நினைத்து என் தந்தை பெருமைப்பட்டுக்கொண்டார். எனக்கோ அந்தக் காலக்கணக்கு இடித்தது.

ஊர் திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏறியதிலிருந்து பேருந்தின் இரு பக்கமும் பாறைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். கிருஷ்ணகிரி மலை, இராயக்கோட்டை மலை என்று எங்கு திரும்பினாலும் மொட்டைப் பாறையாக இருக்கும் நம் பகுதியை விட்டுவிட்டு, தகடூரை (இன்றைய தருமபுரியை) ஆண்ட அதியர் மரபினர் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் போய் ஏன் மலையைக் குடைந்தார்கள்? பல்லவர் குடைவரைகளைப் பற்றிப் படிக்கும்போதும் மண்டகப்பட்டு, மாமண்டூர், சீயமங்கலம், தளவானூர், திருச்சிராப்பள்ளி என்றுதான் ஊர்ப்பெயர்கள் வருகின்றனவே தவிர, நம் இரு மாவட்டங்களின் பெயர் வருவதில்லை. நம் கல் குடைவதற்கு ஏற்றதில்லையா, அல்லது வேறு காரணம் உண்டா?

இன்னொரு ஐயமும் உண்டு. சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மலையைக் குடைந்து உள்ளே மண்டபம் அமைக்கும்போது கூரை தானாகவே மலையோடு மலையாக நிற்கிறது. பிறகு எதற்குத் தூண், அதன் தலையில் போதிகை, உத்திரம், முன் தள்ளிய கொடுங்கை விளிம்பு எல்லாம்? அடுத்த முறை போகும்போது எதை எங்கே பார்க்க வேண்டும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும். இம்முறை கூட்டத்தில் மூலவரைப் பார்த்ததோடு சரி. பக்கச் சுவர்களில் பெரிய பெரிய உருவங்கள் நின்றது நிழலாகத்தான் நினைவில் இருக்கிறது.

அரூர் ஓய்வுபெற்ற ஆசிரியர்

அம்மா, உங்கள் ஐயம் சரியானது. அவ்வை பாடிய அதியமான் நெடுமான் அஞ்சியும் நாமக்கல் குடைவரையோடு தொடர்புடைய அதியனும் ஒருவர் அல்லர். இருவருக்கும் நடுவே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. ஆனால் முன்னவருக்கும் குகைக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. திருக்கோவலூர் அருகே ஜம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி' என்று கூறுகிறது. அசோகனின் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்துச் சொல்லப்படும் சத்தியபுத்திரர் யார் என்று நெடுங்காலம் நடந்த வழக்குக்கு அந்த ஒரு வரி விடை கொடுத்தது. பாளி என்பது துறவியர் தங்கும் உறைவிடம். இயற்கையாக அமைந்த குகைத்தளத்தைச் செம்மைப்படுத்தி, படுக்கை வெட்டி, தவம் செய்வோருக்குக் கொடுப்பது அக்கால அறம். நாமக்கல்லுக்குத் தெற்கே காவிரிக்கு அக்கரையில் உள்ள புகழூர் ஆறுநாட்டார் மலையில் சேரர் வெட்டிக் கொடுத்த படுக்கைகளும் இவ்வகையினவே. இவை குகைகளே தவிரக் குடைவரைகள் ஆகா. குகையை இயற்கை தருகிறது. குடைவரையில் ஒரு சாண் வெளியும் உளியால் வந்தது. பேச்சு வழக்கில் இரண்டையும் 'குகைக் கோயில்' என்று ஒரே பெயரால் அழைப்பதால்தான் காலக்கணக்கு குழம்புகிறது.

நாமக்கல்லில் அரங்கநாதர் குடைவரையில் கிரந்த எழுத்தில் உள்ள வடமொழிக் கல்வெட்டு, அக்கோயிலை 'அதியேந்திர விஷ்ணுக்கிருகம்' (அதியர் மன்னன் பெயரிலான திருமால் கோயில்) என்று அழைத்து, அதியர் குலத்துக் குணசீலன் என்ற பெயரையும் தருகிறது. எழுத்தமைதியையும் சிற்ப அமைதியையும் கொண்டு இதைப் பெரும்பாலும் 8-ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியன் நெடுஞ்சடையன் வெளியிட்ட சீவரமங்கலச் செப்பேடு, காவிரியின் வடகரையில் ஆயிரவேலி அயிரூரிலும் புகழியூரிலும் அதியனைப் புறங்கண்டதாகவும், அவனுக்குத் துணையாகப் பல்லவனும் கேரளனும் வந்தும் பயனில்லை என்றும் பேசுகிறது. தோற்றவனைப் பற்றி வென்றவன் எழுதியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தாலும், அதியரின் ஆட்சி தெற்கே காவிரி வரை நீண்டிருந்தது என்பதும், அந்தத் தென் எல்லை நெருப்பாகக் கிடந்தது என்பதும் இதனால் விளங்கும். தகடூரில் பாதுகாப்பாக இருந்துகொண்டு கோயில் எடுப்பதைவிட, பகைவன் கண்ணில் படும் தொலைவில் ஒரு தனி மலையைத் தேர்ந்து, தன் பட்டப்பெயரையே அதற்குச் சூட்டுவதில் ஓர் அரசனுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இது என் ஊகம். கல்வெட்டு இப்படிச் சொல்லவில்லை.

'நம் பக்கம் ஏன் இல்லை' என்பதற்கு நான் வேறொரு கோணத்தையும் சொல்வேன். மண்டகப்பட்டுக் குடைவரையில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன், 'செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றி' விசித்திரசித்தனாகிய தான் பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவருக்கும் இலக்சிதாயதனம் என்ற கோயிலை எடுப்பித்ததாகப் பொறித்திருக்கிறான். இதைப் படிப்பவர்கள் 'ஆகா, மலையைக் குடைந்தான்' என்று வியந்து நின்றுவிடுகிறார்கள். அதற்கு முன் கடவுளுக்குக் கல்லில் வீடு கட்டும் வழக்கம் தமிழகத்தில் ஏன் பரவவில்லை என்ற கேள்வியே எனக்குப் பெரிதாகப் படுகிறது. கல் என்பது இறந்தவருக்கு உரியதாக இருந்ததால் தெய்வத்துக்கு அதைப் பயன்படுத்தத் தயங்கினர் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். இந்தக் கருத்தை ஏற்பவருக்கு நம் மாவட்டங்களைவிடச் சிறந்த சான்று கிடைக்காது. மல்லசந்திரத்தில் பெருங்கற்கால ஈமச் சின்னங்களான கல்திட்டைகள்; தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரம் முழுவதும் ஆநிரை மீட்டு வீழ்ந்தவர்களின் நடுகற்கள். அதே மகேந்திரவர்மனின் ஆட்சியாண்டைக் குறிக்கும் வட்டெழுத்து நடுகற்கள் செங்கம் பக்கத்தில் நிற்கின்றன. ஒரே அரசன் காலத்தில், கிழக்கே மண்டகப்பட்டில் கல் தெய்வத்தின் வீடாகிறது. மேற்கே நம் பக்கம் அது வீரனின் நினைவாகவே நிற்கிறது. தருமபுரி அருங்காட்சியகத்துக்கு எத்தனை முறை போயிருப்பீர்கள்? அடுத்த முறை அந்த நடுகற்களின் முன் இதை நினைத்துக்கொண்டு நில்லுங்கள்.

பர்கூர் கல்பட்டறைக்காரர்

ஐயா சொன்ன வரலாற்றில் நான் தலையிட மாட்டேன். எனக்கு அதில் பயிற்சி இல்லை. கல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். குவாரியிலும் பின்னர் பாலிஷ் பட்டறையிலும் என் வாழ்நாளில் பாதிக்கு மேல் போய்விட்டது.

நம் கல் ஏற்றதில்லை என்ற பேச்சை முதலில் விட்டுவிடலாம். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பாரடைசோ என்ற பெயரில் ஏற்றுமதியாகும் கல்லில் நிறங்கள் அலையலையாகப் புரண்டு ஓடும். அது மேசைப்பலகைக்கு அழகு, முகம் செதுக்கினால் மூக்கின் மேல் ஒரு கோடும் கன்னத்தின் மேல் ஒரு கோடுமாகக் கண்ணைக் கெடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் பழங்காலக் குடைவரைகள் இன்று நாம் பார்ப்பது போலச் சாம்பல் நிறக் கல்லாக விடப்பட்டவை அல்ல. சுதை பூசி வண்ணம் தீட்டியதன் மிச்சங்கள் மாமண்டூர் போன்ற இடங்களில் இருப்பதாகச் சொல்கிறார்கள். பூச்சு ஏறிவிட்டால் உள்ளே எந்த நிறம் ஓடினால் என்ன? தவிரவும், ஒரே சீரான கல் கிடைக்கும் குன்றுகள் நம்மிடமும் உண்டு. ஆகவே தடை கல்லில் இல்லை.

குடைவது என்பது எவ்வளவு வேறான வேலை என்பதைத் தொழில்காரன் கண்ணால் சொல்கிறேன். குவாரியில் ஒரு பிளாக்கைப் பிரித்தெடுக்க எங்களுக்கு இரண்டு மூன்று வெளிமுகமாவது வேண்டும். வரிசையாகத் துளை போட்டு ஆப்பு இறக்கினால், கல் வெளிப்பக்கம் நோக்கித் தானே விலகும். அது விலகுவதற்கு இடம் இருப்பதால்தான் பிளக்கிறது. மாமல்லபுரத்துப் பாறைகளில் வரிசை வரிசையாக ஆப்புக்குழிகள் இருப்பதைப் பார்த்துவிட்டு, இப்படித்தான் குடைவரையையும் எடுத்தார்கள் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். குடைவரைக்கு இருப்பது ஒரே ஒரு முகம், அதாவது முகப்பு. உள்ளே போகப் போக மேலும் கீழும் இரு பக்கமும் பின்னாலும் மலை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். அங்கே ஆப்பு பேசாது; உளிதான் பேச வேண்டும்.

மாமல்லபுரத்தில் முடிக்காமல் விட்ட பஞ்சபாண்டவர் மண்டபம் போன்ற இடங்களுக்குப் போய்ப் பாருங்கள். என்னைக் கேட்டால், முடிந்த மண்டபங்களைவிட அவையே நல்ல பாடம். பாறையின் முகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்தின் கோடுகளில் பள்ளம் வெட்டி, நடுவில் மேடாக நிற்கும் கட்டிகளை அடித்து வீழ்த்தி, மறுபடி கட்டம் போட்டு உள்ளே நகர்ந்திருக்கிறார்கள். பள்ளம் வெட்டியதும் அந்தக் கட்டிக்குச் சுற்றிலும் வெளிமுகம் கிடைத்துவிடுகிறது அல்லவா? இல்லாத வெளிமுகத்தை உண்டாக்கிக்கொண்ட அந்த அறிவு எனக்கு வியப்பாக இருக்கிறது. நாங்கள் இன்று வைரக்கம்பி ரம்பத்தால் அறுத்துச் செய்வதும் அடிப்படையில் அதுவே.

வேலை மேலிருந்து கீழாக நடக்கும். பிடாரி ரதத்திலும் வலையன்குட்டை ரதத்திலும் மேல்பாதி முடிந்து, கீழ்ப்பாதி கரடாக நிற்பதைப் பார்க்கலாம். சாரம் கட்டத் தேவையில்லை, உடைந்த சில்லு முடிந்த வேலையின் மேல் விழாது. ஆனால் இதில் ஒரு கொடுமை உண்டு. கூரையைச் செதுக்கும்போதே தரையில் எந்த இடத்தில் தூண் நிற்கும், எந்தச் சுவரில் எவ்வளவு கனத்துக்குச் சிற்பத்துக்கான கல்லை விட்டுவைக்க வேண்டும் என்று முடிவாகியிருக்க வேண்டும். எட்டுக் கை உள்ள ஓர் உருவம் அங்கே வரப்போகிறது என்றால், அதன் முன்னே நீட்டிய முழங்கைக்கு உரிய கல்லை, சிற்பி பிறகு வந்து கேட்டால் தர முடியாது. கட்டுமானக் கோயிலில் ஒரு தூண் பழுதானால் வேறு தூண் கொண்டுவந்து நிறுத்தலாம். இங்கே மூக்கு உடைந்தால் மலைக்குத்தான் மூக்கு உடைகிறது.

அந்த இரும்பையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கடினக் கல்லில் உளிமுனை மிக விரைவில் மழுங்கும். குடைபவர் எண்ணிக்கைக்கு ஏற்ப, காய்ச்சி அடித்து நீரில் தோய்த்துக் கூராக்கித் தரும் கொல்லுப்பட்டறை பக்கத்திலேயே நாள் முழுவதும் எரிந்திருக்க வேண்டும். கல்வெட்டுகள் அரசன் பெயரைச் சொல்கின்றன, அந்தக் கொல்லன் பெயரைச் சொல்வதில்லை. மகேந்திரவர்மன் 'உலோகம் இன்றி' என்று எழுதியதை நான் முதன்முதலில் கேட்டபோது சிரித்துவிட்டேன். கட்டடத்தில் உலோகம் இல்லாமல் இருந்திருக்கலாம். உலோகம் இல்லாமல் அந்தக் கட்டடம் இல்லை.

பாலக்கோட்டு மாணவி

ஐயா இருவருக்கும் மிக்க நன்றி. நடுகல்லையும் குடைவரையையும் ஒரே கேள்வியின் இரு பக்கங்களாக நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. தூணைப் பற்றிய என் கேள்வி மட்டும் நிற்கிறது. கல்பட்டறை அண்ணா, உங்கள் கணக்குப்படி அந்தத் தூண்கள் கூரையைத் தாங்குகின்றனவா, அல்லது வெறும் அலங்காரமா?

பர்கூர் கல்பட்டறைக்காரர்

தங்கச்சி, பிளவில்லாத பாறை என்றால் அந்த அகலத்துக்குத் தூண் இல்லாமலும் கூரை நிற்கும். ஆனால் நம் பாறைக் குன்றுகள் வெங்காயத் தோல் போல மேல்பரப்புக்கு இணையாக ஏடு ஏடாகப் பிரியும் இயல்புடையவை. கூரைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஓர் ஏடு பிரிந்திருந்தால், முகப்பில் விட்டுவைத்த இரண்டு தடித்த தூண்கள் காப்பாற்றும். ஆகவே முழுக்க அலங்காரம் என்று நான் சொல்ல மாட்டேன். கொடுங்கைக்கு நேரடிப் பயனே உண்டு: மலைமேல் பெய்த மழை பாறை வழியாக இறங்கி நேரே மண்டபத்துக்குள் வராமல், முன் தள்ளிய விளிம்பிலிருந்து சொட்டி வெளியே விழும். உருவம் ஏன் அப்படி என்பதை மற்றவர்கள் சொல்லட்டும்.

சேலத்து வழிப்போக்கன்

நான் பதினைந்து ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் குடைவரைகளைத் தேடிச் செல்பவன். உருவத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

குடைவரைச் சிற்பிக்கு முன்மாதிரியாக இருந்தது மரமும் செங்கல்லும் கொண்டு கட்டிய கோயில். மண்டகப்பட்டுக் கல்வெட்டு எவற்றையெல்லாம் தவிர்த்ததாகச் சொல்கிறதோ, அவைதான் அன்றைய வழக்கமான பொருள்கள் என்பது அதிலிருந்தே தெரிகிறது. அந்தக் கட்டடத்தின் உருவத்தைக் கல்லுக்குள் அப்படியே வரைந்திருக்கிறார்கள். மரத்தூணின் மேல் உத்திரத்தைத் தாங்க வைக்கும் குறுக்குக் கட்டை கல்லில் போதிகையாகிறது. கூரை வேய்ந்த இறவாரம் கொடுங்கையாகிறது. வளைந்த கூரையின் முகப்பு வளைவு சிறுத்து, கொடுங்கை மேல் கூடு என்ற வடிவாக அமர்கிறது. மகேந்திரன் காலத்துத் தூணை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது: கீழே ஒரு சதுரம், நடுவில் எட்டுப்பட்டைக் கட்டு, மேலே மறுபடி ஒரு சதுரம், சில இடங்களில் சதுரத்தின் முகத்தில் தாமரைப் பதக்கம். ஒரு முழு மரத்தின் நடுப்பகுதியில் விளிம்புகளைச் சீவிவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படி. அரை நூற்றாண்டு கழித்து மாமல்லபுரத்தில் அதே தூண் மெலிந்து, அடியில் சிங்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பாண்டியர் பக்கம் போனால் முறை மாறும். பிள்ளையார்பட்டியிலும் திருமயத்திலும் கருவறை இலிங்கத்தைத் தாய்ப்பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். பிள்ளையார் புடைப்புச் சிற்பமாக இடம்பெறுவதும் அங்கேதான் இயல்பு. தொடக்கக்காலப் பல்லவர் குடைவரைகளில் கருவறை பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கிறது. அலங்காரமெல்லாம் வாயிற்காவலரோடு நின்றுவிடும். மண்டகப்பட்டில் முகப்பின் இரு ஓரங்களிலும் மாடத்துக்குள் நிற்கும் அந்தக் காவலர்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனால், மூன்று கருவறைகளும் காலியாக இருக்கும். எனக்கு அந்த வெறுமை பிடிக்கும். என் மனைவிக்குப் பிடிக்காது. இவ்வளவு தூரம் வந்தது இதற்குத்தானா என்று கேட்டுவிட்டாள்.

இப்போது நாமக்கல். அது பல்லவர் பாணியிலும் அடங்காது, பாண்டியர் பாணியிலும் அடங்காது. நரசிம்மர் குடைவரையில் மூலவர் தனித்து அரியணையில் வீற்றிருக்கிறார். அருகில் சிவனும் பிரமனும், சாமரத்தோடு சூரியனும் சந்திரனும் இருக்கிறார்கள். நீங்கள் நிழலாகப் பார்த்த பக்கச்சுவர் உருவங்கள்தான் அந்தக் குடைவரையின் செல்வம்: ஆதிசேடன் மேல் அமர்ந்த வைகுந்த நாராயணர், பூமகளை மீட்டெடுக்கும் வராகர், உலகளந்த திரிவிக்கிரமர், இரணியனை மடியில் கிடத்திக் கிழிக்கும் எட்டுக்கை நரசிம்மர். மலையின் மறுபக்கத்தில் கார்க்கோடகன் மேல் துயிலும் அரங்கநாதர். அங்கே சங்கரநாராயணரும் உண்டு.

இந்தப் பட்டியலை எங்கே கேட்டிருக்கிறோம் என்று எண்ணினால், கர்நாடகத்துப் பாதாமி நினைவுக்கு வரும். சாளுக்கிய மங்களேசன் தன் அண்ணன் கீர்த்திவர்மன் ஆட்சியில் எடுப்பித்து 578-இல் முடிந்த மூன்றாம் குடைவரையிலும் பாம்பணையில் அமர்ந்த திருமால், வராகர், நரசிம்மர், திரிவிக்கிரமர், அரிகரர் (சங்கரநாராயணர்) என்று அதே கூட்டம். மாமல்லபுரத்து வராக மண்டபத்தில் வராகரும் திரிவிக்கிரமரும் எதிரெதிர்ச் சுவர்களில் இருக்கிறார்கள் என்றாலும், உட்கார்ந்த வைகுந்த நாராயணர் அங்கே இல்லை. பாம்பின் மேல் பள்ளிகொண்ட திருமாலைத் தமிழகத்தில் எங்கும் பார்க்கலாம். அதன் மேல் நிமிர்ந்து உட்கார்ந்த திருமாலைக் கண்டால், வடமேற்கிலிருந்து ஒரு காற்று வீசியிருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

அதற்காக நாமக்கல்லை நகல் என்று சொல்லிவிட முடியாது. பாதாமியின் கல் மென்மையான மணற்கல். அணிகலன், மாலை, மடிப்பு என்று உளி விளையாடியிருக்கிறது. பாதாமி நரசிம்மர் பகைவன் யாரும் இல்லாமல் நிமிர்ந்து நிற்கிறார். நாமக்கல்லில் கல் கடினம், அணிகள் குறைவு, ஆனால் இரணியன் மடியில் வந்துவிட்டான், கைகள் எட்டாகிவிட்டன, அமைதி செயலாகிவிட்டது. கல்பட்டறை நண்பர் சொன்ன 'விட்டுவைத்த கல்' என்ற கணக்கோடு அந்தக் கைகளைப் பார்த்தால், வரிசையில் பின்னால் நிற்பவர் தள்ளினாலும் நகர மனம் வராது.

அரூர் ஐயா அவர்களோடு ஒரு கருத்து வேறுபாடு. எல்லையில் பகைவன் கண்ணில் படத்தான் குடைந்தார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பகைவனுக்குக் காட்ட வேண்டுமானால் கோட்டை கட்டலாம். இவ்வளவு நுட்பமாகத் திருமாலின் வடிவங்களைத் தேர்ந்து உள்ளிருட்டில் செதுக்கத் தேவையில்லை. கொங்கிலிருந்து காவிரிக் கரைக்கும், தகடூர் வழியாக மைசூர்ப் பக்கத்துக்கும் போகும் வழிகள் சேரும் இடத்தில், சமவெளி நடுவே சுமார் 65 மீட்டர் உயரத்துக்கு ஒரே பாறையாக எழுந்து நிற்கும் குன்று அது. வழிப்போக்கர், வணிகர், துறவியர் அனைவரும் கடந்துபோகும் இடம். கோயிலுக்கு அதைவிட வேறு காரணம் வேண்டுமா?

அரூர் ஓய்வுபெற்ற ஆசிரியர்

சேலத்து நண்பர் சொல்லும் வழிச்சந்திக் காரணத்தை நான் ஏற்கிறேன்; என் ஊகத்தை விட்டுவிடவில்லை, சற்றுத் தளர்த்திக்கொள்கிறேன். கோயிலுக்கு 'அதியேந்திர' என்று பெயரிட்டவன் பெருமாளை மட்டும் நினைத்துக்கொண்டிருக்கவில்லை என்பது என் பிடிவாதம்.

அவர் பாதாமியைச் சொன்னதும் எனக்குத் தோன்றியது இது. தகடூர் எப்போதுமே கன்னட நாட்டுக்கும் தமிழ் நாட்டுக்கும் நடுவில் கிடந்த வாசற்படி. அதியருக்குப் பின் 9-ஆம் நூற்றாண்டில் நுளம்பர் என்ற அரச மரபினர் இங்கே வந்தனர். தருமபுரிக் கோட்டைக் கோயிலில் அவர்கள் விட்டுச்சென்ற கைவண்ணத்தை இன்றும் பார்க்கலாம். அதற்குள் காலம் மாறிவிட்டது. தமிழகத்திலும் தக்காணத்திலும் கல்லை அடுக்கிக் கட்டும் கற்றளிகள் பெருகின. மலையைக் குடையும் வேலை குறைந்துகொண்டே போனது. நுளம்பர் கல்லில் கோயில் எடுக்க நினைத்தபோது அவர்கள் கையில் இருந்தது கட்டுமானக் கலை. நம் மலைகளுக்கு உளி வரும் காலத்தில் குடைவரையின் காலம் முடிந்திருந்தது என்று கொள்ளலாம்.

அதியர் மரபோ அதன் பிறகும் மலைகளை விடவில்லை. போளூர் அருகே திருமலையில், சேர மரபினனான எழினி முன்னர் எடுப்பித்த இயக்கன், இயக்கி உருவங்களைத் தகடூர் அதியர் தலைவன் விடுகாதழகிய பெருமாள் புதுப்பித்ததாகக் கல்வெட்டு உண்டு. ஜம்பையில் பாளி, நாமக்கல்லில் விஷ்ணுக்கிருகம், திருமலையில் சமண உருவங்கள். மூன்றும் தகடூருக்கு வெளியே இருப்பதைக் கவனித்தீர்களா, அம்மா? உங்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால், இதை எடுத்துக்கொள்ளலாம்.

பாலக்கோட்டு மாணவி

தலைப்பை எடுத்துக்கொண்டேன் ஐயா. உங்கள் பதிலைப் படித்துவிட்டு நேற்று மாலை தருமபுரிக் கோட்டைக் கோயிலுக்குப் போனேன். சிறு வயதிலிருந்து போய் வந்த கோயில்தான். ஆனால் நேற்றுத்தான் முதல் முறையாகக் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஓடும் இணைப்புக் கோடுகளைத் தேடிப் பார்த்தேன். தூணின் உடல் ஒரு கல், போதிகை ஒரு கல், அதன் மேல் உத்திரம் வேறு கல். விரலை வைத்துத் தடவினால் ஒவ்வொரு கல்லும் எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று தெரிகிறது. நாமக்கல்லில் தூணும் போதிகையும் கூரையும் ஒரே கல்லாக இருந்தும் அதை நான் கவனிக்கவில்லை. இதைச் சொன்னபோது என் தந்தை, அவ்வையின் அதியமான் இல்லையென்றாலும் நம் அதியமான்தானே என்று சமாதானமாகிவிட்டார்.

விடுமுறையில் மண்டகப்பட்டுக்குப் போகலாம் என்று அவரே சொல்கிறார். கிருஷ்ணகிரி வழியாகப் போவது எளிதா?

பர்கூர் கல்பட்டறைக்காரர்

எளிதுதான். ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி என்று ஒரே சாலை. செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் வழியில் மண்டகப்பட்டு வரும். தளவானூரும் அந்தப் பக்கம்தான், இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். வழியில் செங்கத்தில் இறங்கி ஐயா சொன்ன நடுகற்களையும் விசாரித்துப் பாருங்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் குடைவரைச் சுவர் முன் நின்றால், சீர் செய்யாமல் விட்ட மூலைகளில் உளித்தடம் தெரியும். உச்சி வெயிலில் போனால் ஒன்றும் தெரியாது. தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள்.